ஈர்க்குச்சியில் அளந்த பெட்ரோல்

என் காருக்கு லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர் கிடைக்கிறது. பெரம்பலூர் கார் ஸ்டாண்டில் வேறு எவனுக்கும் அது கிடைக்காது.

சரி, பொய். எனக்கும் கிடைக்காது. ஓடின தூரத்தைக் காட்டுகிற மீட்டர் செத்து எத்தனையோ வருடம் ஆகிறது. பெட்ரோல் முள் பாதியில் நின்று தியானம் செய்கிறது. ஓடினதும் தெரியாமல் குடித்ததும் தெரியாமல் இருப்பவன் எந்தக் கணக்கையும் தைரியமாகச் சொல்லலாம். படித்தவனுக்குத்தான் அந்த வசதி இல்லை.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம். அதனால் இதை நான் வாயால் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். நான் பேசுவதைத் துவைத்து இஸ்திரி போட்டுத்தான் எழுதுகிறாள் என்று நினைக்கிறேன். எங்கேயாவது மரியாதையாக இருந்தால் அது அவள் கைவேலை.

நம் வயதுக்காரர்களுக்குத்தான் இது. சின்னப் பிள்ளைகளிடம் சொன்னால், அந்தக் காலத்துக் காரில் ஏசி உண்டா என்று கேட்கிறார்கள். எங்கள் காரில் கதவுக்கே கயிறு கட்டியிருந்தது.

மூன்று கை மாறி எங்கள் வீட்டுக்கு வந்த அம்பாசிடர் அது. வெள்ளை என்று பெயர். வெற்றிலை போடுகிறவர் பல் நிறத்தில் இருக்கும். எங்கள் தெருவுக்கே முதல் கார். எங்கள் ஆட்கள் காலம் காலமாக அடுத்தவர் வயலில் குனிந்து வேலை பார்த்தவர்கள். அப்பாதான் முதலில் நிமிர்ந்து, அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக் கல் லோடு ஏற்றுகிற இடத்தில் மேஸ்திரியாகி, சிறுகச் சிறுகச் சேர்த்து அந்தக் காரை வாங்கினார். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று வாடகைக்கு ஓட்டுவதாகத் திட்டம். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. அம்மாவின் தம்பிக்குத் தெரியும். அவர்தான் டிரைவர். என் மாமா.

அந்தக் காருக்குள் ஒரு வாசனை இருக்கும். வெயிலில் காய்ந்த ரெக்சின், கொஞ்சம் பெட்ரோல், கொஞ்சம் கற்பூரம், பின்சீட்டில் யாரோ கல்யாணப் பெண் விட்டுப்போன கனகாம்பரம். முன்னால் உட்கார்ந்தால் எஞ்சின் சூடு முட்டியில் படும். நான் அந்தச் சீட்டுக்காகவே பிறந்தவன் மாதிரி அதில் ஒட்டிக்கொண்டிருப்பேன். மாமா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலால்தான் ஓட்டுவார். ஆக்சிலேட்டர் எவ்வளவு அமுங்குகிறது என்று உள்ளங்காலுக்குத் தெரிய வேண்டுமாம். தூரத்தில் மாட்டுவண்டி தெரிந்தால் இங்கேயே காலை எடுத்துவிடுவார். வண்டி தானாக நடை தளர்ந்து, மாட்டின் வாலுக்குப் பக்கத்தில் போகும்போது சரியாக மாட்டின் வேகத்துக்கு வந்திருக்கும். பிரேக்கை மிதிப்பது அவருக்கு அவமானம். ஏற்கனவே எரித்த பெட்ரோலைத் தரையில் தேய்க்கிற வேலை என்பார்.

அப்படிப்பட்டவர் ஓட்டுகிற வண்டி, அந்தச் சித்திரை மாதத்தில் திடீரென்று பெட்ரோல் குடிக்க ஆரம்பித்தது.

கொஞ்ச நஞ்சம் இல்லை. அது வரைக்கும் போய்வந்த தூரத்தில் பாதிதான் போனது. பின்னால் கரும்புகை வேறு. சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய்த் திரும்பின குடும்பம் ஒன்று, இறங்கும்போது ஆளுக்கு ஒரு மீசையோடு இறங்கியது. பெண்களும்தான்.

அப்பா முதலில் கவலைப்பட்டார். பிறகு யோசித்தார். அவர் யோசிக்க ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டு ஓடுவோம்.

வண்டியில் வீண் பாரம் இருக்கிறது என்றார். உண்மைதான், டிக்கியில் ஒரு குடித்தனமே இருந்தது. பாய், வாளி, கயிறு, யாரோ மறந்துபோன பித்தளைக் குத்துவிளக்கு, ஒரு மூட்டை உமி. உமி எதற்கு என்று இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது. எல்லாம் இறங்கியது. மேலே இருந்த கேரியர் இறங்கியது. காற்றை எதிர்த்துப் போவது குறையும் என்று மாமாவும் அதற்குச் சந்தோஷமாகத் தலையாட்டினார். அப்பா அதோடு விட்டிருக்கலாம். ஸ்டெப்னி டயரையும் இறக்கி, வீட்டு நடையில் சாமி மாதிரி சாத்தி வைத்துவிட்டார்.

அந்த வாரமே பாடாலூருக்குப் பக்கத்தில் ஆணி ஏறிவிட்டது. வண்டிக்குள் மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் மாலை, மாப்பிள்ளையின் சித்தப்பா. முகூர்த்தம் நெருங்குகிறது. வெங்காய மூட்டை ஏற்றிப்போன ஒரு டிராக்டரை மறித்து, மூட்டைகளின் மேல் மாப்பிள்ளையை ஏற்றி அனுப்பினோம். நான் சிரித்துவிட்டேன். மாமா சிரிக்கவில்லை. அவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்றால், பெரம்பலூர்ப் பக்கம். அப்பாவிடம் இதைப் போய்ச் சொல்ல வேண்டும்.

அடுத்தது காற்று. டயரில் காற்று குறைந்தால் வண்டி இழுக்கும், எண்ணெய் அதிகம் போகும் என்று மாமா சொன்னது சரி. அப்பா அதைக் கேட்டுவிட்டு, குறைந்தால் கெடுதல் என்றால் கூடினால் லாபம் என்று கல் மாதிரி அடிக்கச் சொன்னார். வண்டிக்குள் உட்கார்ந்தால் முறத்தில் புடைக்கிற உளுந்து மாதிரி குதித்தோம். ஒரு கிழவர் தன் பல் செட்டை மடியில் கட்டிக்கொண்டு பயணம் செய்தார்.

பிறகு அந்தக் குமிழ். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இழுத்துவிடுகிற சோக் குமிழ் ஒன்று முன்பலகையில் இருக்கும். இழுத்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகும். வண்டி சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். அப்பா காரில் ஏறியதும் தன் வயர் கூடையை அதில்தான் மாட்டுவார். கூடை மாட்டத்தான் கம்பெனிக்காரன் வைத்திருக்கிறான் என்று அவர் நினைப்பு. கூடையில் சாப்பாட்டுத் தூக்கு, தண்ணீர், வெற்றிலைச் செல்லம். குமிழ் முழுக்க வெளியே வந்து தொங்கும். மாமா தயங்கித் தயங்கிச் சொல்லி ஒருவழியாகக் கூடை இடம் மாறியது. இதுதான் காரணம், பிடித்துவிட்டோம் என்று எல்லோரும் மூச்சு விட்டோம். மறுநாளும் அதே புகை, அதே தாகம்.

மெக்கானிக் பார்த்தார். கார்புரேட்டர் திருகை அந்தப் பக்கம் ஒரு சுற்று, இந்தப் பக்கம் ஒரு சுற்று. பிளக்கைக் கழற்றிக் காட்டினார். அடுப்புக்கரி மாதிரி இருந்தது. பங்குனியில்தான் ஏர் ஃபில்டரைக் கழுவி எண்ணெய் மாற்றினேன், அதில் கோளாறு இருக்காது, வண்டிக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

இத்தோடு போயிருந்தால் கதை இல்லை. ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். சர்க்கரையைக் குறைவாகவும் பேச்சை அதிகமாகவும் போடுகிறவர். அவர் அப்பாவிடம் டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"எண்ணெய வண்டி குடிக்குதா, ஆளு குடிக்கிறானான்னு பாத்தீங்களா மேஸ்திரி?"

அப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நான் பக்கத்தில் பன் தின்றுகொண்டிருந்தேன். பன் தொண்டையில் நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் அப்பா அம்மாவின் துடைப்பத்திலிருந்து நீளமான ஈர்க்குச்சி ஒன்றை உருவினார். பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து, வளைத்து உள்ளே விட்டு, வெளியே எடுத்து, ஈரம் எதுவரைக்கும் என்று விரலால் அளந்தார். மறுநாள் காலையில் மறுபடி. வண்டி போகும் முன் ஒரு தடவை, வந்த பின் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் புதுக் குச்சி. அந்த மாதம் எங்கள் வீட்டுத் துடைப்பம் நோயாளி மாதிரி இளைத்தது. அம்மா குனிந்து பெருக்கும்போது தரையில் குப்பை அப்படியே இருக்கும், கோடு மட்டும் விழும்.

மாமா பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு தடவை மட்டும் மூடியை அவரே திறந்து கொடுத்தார். அப்பா வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எனக்கு அந்த இடத்தில் நிற்கவே பயமாக இருந்தது.

இப்போது என் பங்குக் கவலையைச் சொல்கிறேன். அது இதைவிடப் பெரியது.

இந்தத் தாகமெல்லாம் ஆரம்பிக்கிறதற்கு முன்னால், ஒரு விடியற்காலையில் மூத்திரம் பெய்ய எழுந்தேன். அம்மா காருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். குளித்த தலை, ஈரப் புடவை. பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை உள்ளே விட்டு என்னமோ செய்தாள். பிறகு சத்தம் வராமல் மூடிவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனாள். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்பா ஈர்க்குச்சியை எடுத்த பிறகு தோன்றியது.

அம்மாதான் பெட்ரோல் எடுக்கிறாள்.

சிரிக்காதீர்கள். பெட்ரோல் டேங்க் வண்டிக்குப் பின்னால் இருக்கிறது. தினமும் அப்பா அங்கேதான் குச்சி விடுகிறார். நானும் பக்கத்திலேயே நிற்கிறேன். ஆனாலும் பானெட்டுக்குள் கை விட்டவள் பெட்ரோல்தான் எடுத்தாள் என்று முடிவு கட்டினேன் என்றால், பள்ளிக்கூடம் என்னை விட்டது எவ்வளவு நியாயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டவ்வுக்கு ஊற்றுகிறாள் என்று நினைத்தேன். அடுக்களைக்குப் போய் மோந்து பார்த்தேன்; மண்ணெண்ணெய் நாற்றம்தான். இதுதான் பெட்ரோல், பேரை மாற்றி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை மோந்து பார்த்தேன். மஞ்சள் வாசனை வந்தது. மறைக்கிறதற்குப் பூசியிருக்கிறாள் என்று நினைத்தேன். சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் மஞ்சள்கூட அதற்குச் சாட்சி சொல்லும்.

சொன்னால் அம்மா மாட்டுவாள். சொல்லாவிட்டால் மாமா மாட்டுவார். நான் சோறு தின்பதைக் குறைத்தேன். அது நடந்தது என்பதற்கு அந்தக் காலத்து ஆட்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஊரே பேசியது.

அதற்குள் இன்னொன்று நடந்தது. இறக்கம் வரும்போது எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு உருளவிட்டால் எண்ணெய் மிச்சம் என்று அப்பாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். அப்படியே செய்யச் சொல்லி உத்தரவு. மாமா செய்தார். அரியலூர் ரோட்டில் ஒரு நீளமான இறக்கம். எஞ்சின் நின்றதும் அப்படி ஓர் அமைதி. டயர் தாரில் ஒட்டி ஒட்டிப் போகிற சத்தம் மட்டும். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. கீழே வளைவைத் தாண்டினால் ரோட்டின் பாதியில் சோளக் கதிர் பரப்பியிருக்கிறது. போகிற வண்டிகள் ஏறி ஏறி மணி உதிரட்டும் என்று போடுவார்களே, அது. நடுவில் ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு, காலால் கதிரைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லாமல் வருகிற காரை அவள் எப்படிக் கேட்பாள்? கதிரின் மேல் பிரேக் பிடிக்கவில்லை, வண்டி வழுக்கியது. மாமா சாவியைத் திருப்பிக் கிளச்சை விட்டார். எஞ்சின் உறுமிக்கொண்டு உதறியது. அந்தச் சத்தத்துக்கு அவள் பள்ளத்தில் குதித்தாள். எழுந்து நின்று எங்கள் வம்சத்தையே வரிசைப்படுத்தித் திட்டினாள். என்னைக்கூடத் திட்டினாள், குரங்குக்குட்டி என்று. திட்டட்டும், உயிரோடு திட்டினாளே.

மாமா வீட்டுக்கு வந்து, இனிமேல் இறக்கத்தில் ஆஃப் செய்ய மாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா அவரையே பார்த்தார். பெட்ரோல் மிச்சமாவதை வேண்டாம் என்கிறவன் யார்? மிச்சமாகிறது தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவன். அப்பா அப்படித்தான் எண்ணினார் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு அவர் முகம் இறுகியதை மட்டும் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அப்பா வாசலில் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னார். பங்க்கில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு அரியலூர் போய்த் திரும்ப வேண்டும். மாமா ஓட்டுவார். அப்பா பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பி வந்ததும் குச்சி விட்டுப் பார்ப்பது.

மாமா கேட்டார். "நல்லா ஓடுச்சின்னா, மச்சான்?"

"நல்லா ஓடுச்சின்னா, இவ்ளோ நாளு எண்ணெ எங்க போச்சின்னு நீ சொல்லணும்."

"ஓடலன்னா?"

"வண்டிய வித்துடுவேன்."

மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"ஆக எப்படிப் பாத்தாலும் எனக்கு இங்க வேல முடிஞ்சிது."

அம்மா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். தாய் தகப்பன் போன பிறகு அவளுக்கென்று இருந்த ஒரே ஆள் அந்தத் தம்பிதான். அந்தப் பங்குனியில்தான் அரியலூரில் லாரிக்காரர் ஒருவர், வா, லாரி ஓட்டு என்று மாமாவைக் கூப்பிட்டிருந்தார். லாரி என்ற பேச்சை எடுத்தாலே அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். எங்கள் தெருவில் லாரிக்குப் போன ஒருவர் திரும்பி வரவில்லை. மாமா அந்த லாரிக்காரரிடம் பார்க்கலாம் என்று சொல்லிவைத்திருந்தார். இன்றைக்கு இங்கே விரட்டினால் அவர் நேராக அங்கேதான் போவார். அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். திருட்டை ஒத்துக்கொள்ளப் போகிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது அவள் உள்ளே போய்விட்டிருந்தாள்.

ஈர்க்குச்சியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றினார்கள். நான் முன்சீட்டில். மடியில் நாலைந்து குச்சிகள், பூசாரி மாதிரி.

மாமா அன்று ஓட்டிய மாதிரி ஒருவரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. அவர் நினைத்திருந்தால் தாறுமாறாக மிதித்து எண்ணெயைக் கொளுத்தி, தன் பேரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். வண்டிதான் கெட்டது, ஆள் நல்லவன் என்று ஆகியிருக்கும். எனக்கே அது தோன்றியது; அவருக்குத் தோன்றாமலா இருக்கும்? ஆனால் அந்த வெறுங்கால் பூனை மாதிரித்தான் பெடலின் மேல் இருந்தது. டாப் கியருக்குப் போனவர் இறங்கவே இல்லை. ஆடு, மாடு, சைக்கிள் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே வழி விட்டுவிட்டார். நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே வந்தேன். வண்டி நன்றாகவும் ஓடக் கூடாது, மோசமாகவும் ஓடக் கூடாது. அப்படி ஒரு வரத்தைக் கேட்டால் எந்தச் சாமியும் குழம்பிவிடும். பின்சீட்டில் அப்பா பின்கண்ணாடியில் புகை தெரிகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். புகை தெரிந்தது.

அரியலூர் நெருங்க நெருங்க ரோடு வெளுக்கும், உங்களுக்குத் தெரியும். சுண்ணாம்புக் கல் லாரிகள் போகப் போக, மரம், மாடு, மனிதர் எல்லாம் மாவில் புரட்டி எடுத்தது மாதிரி இருக்கும். இரண்டு லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். தூசியில் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு ஏற்றத்தில் வண்டி இருமியது. மூச்சு வாங்கியது. கரும்புகையைக் கக்கிவிட்டு அப்படியே நின்றுவிட்டது.

மாமா ஓரமாகத் தள்ளி நிறுத்திப் பானெட்டைத் திறந்தார். அப்பா இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். எஞ்சினுக்கு மேல் கருப்புச் சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருப்பதுதான் ஏர் ஃபில்டர். அதற்கு ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அது வழியாகத்தான் எஞ்சின் மூச்சு இழுக்கும். அந்த மூக்கிலிருந்து துணி நுனி ஒன்று தெரிந்தது.

"அந்தத் துணிய எதுக்குக் கட்டி வச்சிருக்க?" என்று அப்பா கேட்டார்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். "நானா? தூசிக்கு நீங்கதான் மெக்கானிக்க வச்சிக் கட்டச் சொன்னீங்கன்னு நெனச்சேன்."

இந்தப் பக்கத்து லாரிக்காரர்கள் சுண்ணாம்புத் தூசி எஞ்சினுக்குள் போகாமல் இருக்க ஃபில்டர் வாயில் மெல்லிய துணி கட்டுவது வழக்கம். மெக்கானிக் பார்த்தபோது டிரைவர் கட்டியது என்று நினைத்திருக்கிறார். டிரைவர் பார்த்தபோது மெக்கானிக் கட்டியது. அப்பா பார்த்தபோது டிரைவர் கட்டியது. மூன்று பேரும் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் தொடவில்லை.

மாமா நுனியைப் பிடித்து இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. மடித்து மடித்து உள்ளே திணித்த துணி. எண்ணெயும் தூசியும் ஊறிக் களி மாதிரி ஆகியிருந்தது. கடைசியில் ஒரு முடிச்சு வந்தது. முடிச்சுக்குள் ஒரு காசு. முடிச்சு போட்ட இடத்தில் மட்டும் மஞ்சள் நிறம் போகாமல் இருந்தது. துணியின் ஓரத்தில் கரை. அப்பாவின் பழைய வேட்டிக் கரை.

யாரும் விளக்கம் சொல்லத் தேவை இருக்கவில்லை. மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தால் அது சாமிக்கு நேர்ந்தது. நேர்ந்ததை வெளியில் சொன்னால் பலிக்காது. தம்பி கை தினமும் படுகிற இடமாக, பிரயாணிகள் எடுத்துவிடாத இடமாக, அவள் தேடியிருக்கிறாள். பானெட்டுக்குள் வாகாக ஒரு பொந்து கிடைத்திருக்கிறது.

மாமா சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு தடவை கருப்பாகத் துப்பிவிட்டு, அப்புறம் ஓடியது பாருங்கள், வண்டி வாங்கிய நாளில் கேட்ட சத்தம். மாமா அதைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ஆஃப் செய்தார். பானெட்டை மூடி, சாவியை அதன் மேல் வைத்தார்.

"நான் லாரிக்குப் போயிடக் கூடாதுன்னு எங்கக்கா முடிஞ்சிருக்குது மச்சான். அதனாலதான் நீங்க என்ன திருடனாக்குனீங்க."

மாமா முடிச்சைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நடந்துபோய் மைல் கல்லின் மேல் உட்கார்ந்தார். அரியலூர் பஸ் வந்தால் ஏறிக்கொள்கிறேன், அக்காவிடம் சொல்லிவிடுங்கள் என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எனக்கோ வேறு ஒரு வெடி உள்ளே வெடித்துக்கொண்டிருந்தது. ஒரு மாதமாகத் தொண்டையில் நின்ற பன் இறங்கிவிட்டது. நான் அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே, குச்சிகளைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னேன்.

"அப்ப அம்மா பெட்ரோல் திருடலயாப்பா?"

அப்பா திரும்பினார். "என்னடா சொன்ன?"

சொன்னேன். விடியற்காலை, பானெட், ஸ்டவ், முந்தானையை மோந்தது, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. அடித்துவிடுவார் என்று நினைத்து ஒரு அடி பின்னால் போனேன். அவர் கை எழவில்லை. ஈர்க்குச்சியை எடுத்தது அவர்; அது என் கைக்கு வந்து, பெற்றவளையே நான் மோந்து பார்க்கிற அளவுக்குப் போயிருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்தது.

அவர் மைல் கல்லிடம் போனார். வெள்ளை வேட்டி. மேஸ்திரி என்று ஊர் கூப்பிடுகிற மனிதர். கணுக்கால் வரைக்கும் சுண்ணாம்புத் தூசி. அந்தத் தூசியிலேயே, கல்லுக்குக் கீழே, மாமாவின் கால்மாட்டில் உட்கார்ந்தார். ஒரு லாரி எங்களைத் தாண்டிப்போய் மூன்று பேரையும் வெள்ளையாக்கியது.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் மட்டும் வூட்டுக்குப் போறது மாப்ள," என்றார் அப்பா. "உங்கக்கா முடிஞ்சி வச்சத நானே அவுத்துட்டேன்னு சொல்லவா?"

தூரத்தில் பஸ் தெரிந்தது. வெயிலில் அதன் கண்ணாடி மின்னியது. மாமா எழுந்து நின்றார். அப்பா எழுந்திருக்கவில்லை. நான் இரண்டு பேருக்கும் நடுவில். பஸ் வேகம் குறைத்துக் கிட்டத்தில் வந்தது, கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு ஏறுகிறீர்களா என்று கையை ஆட்டினார், மாமா சட்டைப் பையில் கையை விட்டு அந்த முடிச்சை எடுத்து—

கொஞ்சம் இருங்கள், ஹாரன் அடிக்கிறார்கள். வாசலில் என் கார்தான். முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஸ்டியரிங் பக்கமாக எட்டி ஹாரனை அமுக்குவது மாமா. ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணம், கிளம்ப நேரமாகிவிட்டது. இந்த வயதில் குரல் மட்டும் இளைக்கவில்லை, இங்கே வரைக்கும் கேட்கிறது.

"டேய் மருமவனே, இன்ஜின ஓடவுட்டுட்டு உள்ள போயி என்னாடா கத பேசிக்கிட்டு இருக்க? எண்ணெ என்னா ஊத்துலயா வருது? எங்கக்கா பின்னால உக்காந்து வேர்த்துக் கொட்டுது, வந்து வண்டிய எடு."